மேல் பட்டனில் ஓடுகிறது, ஆனால் நிற்கவில்லை: அப்பாவின் பழைய க்ரோனோகிராஃப் வாட்ச்

பி.டி. மாஸ்டர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். வாட்ச் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா விட்டுப்போன ஒரு வாட்சுக்காகத்தான் இங்கே கேட்க வந்தேன். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். 31 வருடம் அதே மைதானம். போன தை மாதம் காலமானார். அவருடைய பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு டப்பா இருந்தது. அதில் ஒரு விசில், ஸ்போர்ட்ஸ் டே முடிவுகளை எழுதிவைத்த நாலு நோட்டு, அப்புறம் இந்த வாட்ச். பினாங்கு துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய தாய்மாமா 1958-இலோ 59-இலோ ஊருக்கு வந்தபோது கொண்டுவந்ததாம். அப்பா வேலைக்குச் சேர்ந்த அன்று மாமாவே கையில் கட்டிவிட்டார் என்று அம்மா சொல்கிறார்.

வெள்ளை டயல், இப்போது ஏடு படிந்த பால் மாதிரி நிறம் மாறிவிட்டது. கம்பெனி பெயர் எதுவும் இல்லை. 'க்ரோனோகிராஃப் ஸ்விஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஸ்டாப் வாட்சும் சேர்ந்த வாட்சுக்குத்தான் க்ரோனோகிராஃப் என்று பெயராம். இடமும் வலமும் இரண்டு சின்ன வட்டங்கள். இடது வட்டத்தில் ஒரு குட்டி முள் எப்போதும் ஓடுகிறது. வலது வட்டத்தில் 30 வரை எண்கள். டயலின் வெளி ஓரத்தில் நீல நிறத்தில் 20 வரை ஒரு வரிசை. நடுவில் நத்தை ஓடு போலச் சுருண்டு சுருண்டு வரும் சிவப்பு எண்கள், கடைசியில் 20-இல் முடிகிறது. பின்மூடி ஸ்டீல். முன்பக்கம் தங்க முலாம், ஓரங்களில் தேய்ந்து பித்தளை தெரிகிறது.

சாவி கொடுத்ததும் ஓடிவிட்டது! ஒரு நாளைக்கு 4 நிமிடம் பின்தங்குகிறது, அவ்வளவுதான். மேல் பட்டனை அழுத்தினால் நடுவில் இருக்கும் நீளமான செகண்ட் முள் புறப்படுகிறது. மறுபடி அழுத்தினால் நிற்கவில்லை. பட்டன் உள்ளே போய் வருகிறது, முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும்போது கீழ்ப் பட்டனை அழுத்தினால் உள்ளே உடைந்துவிடும் என்று எங்கோ படித்தேன். அதனால் அதைத் தொடவே இல்லை. சாவி தீர்ந்து வாட்ச் நிற்கிறவரை அந்த முள் சுற்றுகிறது.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்விட்ச் தேய்ஞ்சு போச்சு, ஒரு லீவரை ராவிவிட்டா சரியாயிடும், டயலையும் புதுசா அடிச்சுத் தர்றேன், எல்லாம் சேர்த்து 6,500" என்றார். எனக்கு மனசு வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த லீவரை ராவலாமா? வலது வட்டத்தின் முள் பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது, அதுவும் பழுதா? அந்த நீல எண்ணும் சிவப்பு எண்ணும் எதற்கு?

வால்ஜூ 7733

சகோதரி, அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

என்னிடம் 1970களின் க்ரோனோகிராஃப் ஒன்று இருக்கிறது. பெயரில் போட்டிருக்கிற மாதிரி உள்ளே வால்ஜூ 7733 இயந்திரம். மேல் பட்டனை அழுத்தினால் ஓடும், மறுபடி அதையே அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பட்டன் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். க்ரோனோகிராஃப் என்றாலே இப்படித்தான். உங்களுடையதில் நிறுத்துகிற லீவர் சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். ஓடும்போது கீழ்ப் பட்டனைத் தொடாமல் இருந்தீர்களே, அது நல்ல காரியம்.

மேசைவிளக்கு

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் கடைக்கு வாட்சைத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். எந்த லீவரையும் யாரும் ராவ வேண்டாம். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் பழுது என்று நினைப்பது பழுது இல்லை. அந்த வாட்சைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

நான் திருச்சியில் 34 வருடமாக வாட்ச் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருக்கிறவன். இதே கேள்வியோடு என்னிடம் வந்த வாட்சுகள் உண்டு. அதில் இரண்டு, ராவிக் கெடுத்த பிறகு வந்தவை. அவற்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் பதறி எழுதுகிறேன்.

இப்போது வாட்சைக் கையில் எடுங்கள். சாவி முழுதாகக் கொடுங்கள். மேல் பட்டனை அழுத்துங்கள், முள் புறப்படட்டும். ஒரு இருபது செகண்ட் ஓடிய பிறகு கீழ்ப் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். பயப்பட வேண்டாம். முள் நின்ற இடத்திலேயே நிற்கும், பூஜ்யத்துக்கு ஓடாது. நேரத்தைப் படித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழ்ப் பட்டனையே இன்னொரு தடவை அழுத்துங்கள். இப்போது பூஜ்யத்துக்குத் தாவும். நிறுத்திய இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால் கீழ்ப் பட்டனுக்குப் பதிலாக மேல் பட்டனை அழுத்தினால் போதும், விட்ட இடத்திலிருந்து ஓடும். ஓட்டுவதற்கு மேல், நிறுத்துவதற்கும் அழிப்பதற்கும் கீழ். இவ்வளவுதான் கணக்கு. ஒன்று மட்டும்: கீழ்ப் பட்டன் கல் மாதிரி இறுகிக் கிடந்தால் பலம் கொடுக்காதீர்கள். விட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.

பழைய வாட்சுகளில் இப்படி வேலை செய்வது லாண்டரான் 48 என்ற இயந்திரமும் அதன் உடன்பிறப்புகளும். லாண்டரான் என்பது சுவிட்சர்லாந்தில் நியூஷாடெல் மாநிலத்தில் இருக்கிற ஊர். அந்த ஊர்ப் பெயரையே இயந்திரத்துக்கும் வைத்தார்கள். 1937-இல் வந்தது. 17 கல், கையால் சாவி கொடுப்பது. இயந்திரத்தை அவர்கள் செய்து விற்பார்கள், வாங்கியவர்கள் கேஸ் போட்டு டயலில் தங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். பெயரே போடாமல் 'க்ரோனோகிராஃப் ஸ்விஸ்' என்று மட்டும் எழுதி விற்றவையும் ஏராளம். உங்கள் அப்பாவுடையது அந்த வகை. பின்மூடியைத் திறக்கிறபோது இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு, அதாவது பேலன்ஸ் வீலுக்கு, அடியில் 48 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்து உயர்ந்த க்ரோனோகிராஃபுகளில் உள்ளே ஒரு தூண் சக்கரம் இருக்கும். கோயில் மண்டபத்தைக் கடுகு அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி வட்டமாகத் தூண்கள் நிற்கும். பட்டனை அழுத்தும்போது அந்தச் சக்கரம் ஒரு பல் திரும்பும். லீவரின் முனை தூணுக்கு மேல் ஏறும், இல்லை இரண்டு தூணுக்கு நடுவில் விழும். ஓடுவதும் நிற்பதும் அதைப் பொறுத்தது. அழகான ஏற்பாடு, ஆனால் கடைந்து எடுக்க நேரமும் காசும் ஆகும். லாண்டரான்காரர்கள் அதை விட்டுவிட்டு, தகட்டிலிருந்து அச்சில் வெட்டி எடுத்த, ஓரம் மேடும் பள்ளமுமாக இருக்கிற கேம் என்ற துண்டுகளை வைத்தே அந்த வேலையைச் செய்தார்கள். விலை இறங்கியது. துறைமுகத்தில் சம்பளம் வாங்குகிற ஒருவர் மருமகனுக்கு க்ரோனோகிராஃப் வாங்க முடிந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

7733 வைத்திருக்கும் நண்பர் சொன்னது அவருடைய வாட்சுக்கு முழுக்க உண்மை. அதுவும் கேம் வகைதான், வீனஸ் 188 என்ற பழைய இயந்திரத்தின் வழிவந்தது, ஆனால் அதில் மேல் பட்டன் இரண்டு வேலையும் பார்க்கும். அதில் ஓடும்போது கீழ்ப் பட்டனைப் பலமாக அழுத்துவது தப்பு. உங்களுடையதில் அந்த ஆபத்தே இல்லை. ஓடும்போது கீழ்ப் பட்டனுக்கு நிறுத்துவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் கேம் வகைகளிலேயே இதுதான் பத்திரமான ஏற்பாடு. மைதானத்தில் அவசரத்தில் கை தவறினாலும் நேரம் அழிந்துபோகாது.

வலது வட்டத்தின் முள் பற்றிக் கேட்டீர்கள். அது நிமிடம் எண்ணுகிற முள். நீள முள் ஒரு சுற்று முடிக்கிற நேரத்தில் உள்ளே ஒரு சின்ன விரல் வந்து நிமிடச் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். அதனால் 58, 59-ஆவது செகண்டில் நிறுத்தினால் நிமிட முள் அடுத்த கோட்டை நோக்கிக் கிளம்பியிருக்கும். அங்கே மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். பூஜ்யத்தில் மயிரிழை விலகி நிற்பது பெரும்பாலும் எப்போதோ சர்வீஸ் செய்தவர் முள்ளைக் கொஞ்சம் தள்ளிக் குத்தியதால் வருவது. இரண்டு முள்ளின் அச்சிலும் இதய வடிவத்தில் ஒரு தகடு இருக்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவர அழுத்தும்போது ஒரே சுத்தியல் இரண்டு இதயத்திலும் அடிக்கும். எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் இதயம் சறுக்கிச் சுழன்று ஒரே நிலைக்குத்தான் வந்து சேரும். அடோல்ஃப் நிக்கோல் என்பவர் 1844-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குச் செய்கிற க்ரோனோகிராஃபிலும் அதே இதயம்தான். அம்மா, யாராவது நல்ல மெக்கானிக் பின்மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் இருந்து லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேல் பட்டனை அழுத்தியதும் ஒரு மெல்லிய பல்சக்கரம் ஓடிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்துவந்து நடுச் சக்கரத்தின் பல்லோடு பல் கோர்க்கும். கீழ்ப் பட்டனில் விலகும். அடுத்த அழுத்தில் சுத்தியல் 'டக்' என்று விழும். 34 வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

பல் கோர்ப்பதைச் சொன்னேன் இல்லையா? கோர்க்கும் நொடியில் பல்லின் முனையும் முனையும் மோதினால் நீள முள் புறப்படும்போது லேசாக முன்னாலோ பின்னாலோ துள்ளும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்த இயந்திரம் மணிக்கு 18,000 தடவை துடிக்கிறது, அதாவது செகண்டுக்கு ஐந்து. முள்ளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு செகண்டையும் ஐந்து அடியாக எடுத்து வைப்பது தெரியும். அதனால் இதில் 1/5 செகண்டுக்குக் கீழே அளக்க முடியாது. 0.2, 0.4, 0.6, 0.8, அப்புறம் அடுத்த முழு செகண்ட். நடுவில் எதுவும் கிடையாது.

சர்வீஸ் கண்டிப்பாக வேண்டும். 4 நிமிடம் பின்தங்குவது எண்ணெய் காய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். சர்வீஸ் ஆகிறவரை தினமும் ஓட்டாதீர்கள், காய்ந்த எண்ணெயில் ஓடினால் அச்சு முனை தேயும். கொடுக்கும்போது இந்த இரண்டைச் சொல்லிக் கொடுங்கள். க்ரோனோகிராஃப் சக்கரங்களின் பற்களில் எண்ணெய் விடக் கூடாது. லீவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சில திருகுகள் பார்க்கச் சாதாரணத் திருகு மாதிரியே இருக்கும், ஆனால் தலை அச்சிலிருந்து விலகியிருக்கும். அவற்றைத் திருப்பினால் பல் கோர்க்கிற ஆழமே மாறிவிடும். தொழிற்சாலையில் வைத்த அளவு அது. தெரியாதவர் "லூசா இருக்கே" என்று இறுக்கிவிட்டால் அன்றோடு அந்த வாட்சின் நிம்மதி போச்சு. உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் "இதற்கு முன்னால் க்ரோனோகிராஃப் பிரித்திருக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். இல்லை என்றால் இல்லை என்று சொல்வார்.

டயலைப் புதிதாக அடிக்கவே அடிக்காதீர்கள். அந்த நீல எண், சிவப்பு எண் எல்லாம் அந்த நாளில் அச்சிட்டவை. புதிதாக அடிக்கிறவர் கோடுகளின் இடைவெளியைத் தப்பாகப் போட்டால் அந்த எண்களுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஏடு படிந்த நிறம் இருக்கட்டும்.

இன்னொன்று. முள்ளிலும் எண்களிலும் பழுப்பாக, பொரிந்தாற்போல ஒரு பூச்சு இருக்கிறதா? நம் ஊரில் இருட்டில் மின்னுகிற எல்லாவற்றையும் ரேடியம் என்கிறோம், ஸ்டிக்கரைக்கூட. 1950களின் வாட்சில் இருப்பது உண்மையான ரேடியமாக இருக்கக் கூடும். அது இப்போது ஒளிராது. ஒளிர வேண்டிய துத்தநாகச் சேர்மம்தான் செத்திருக்கும், ரேடியம் அப்படியே இருக்கும். பாதி குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடி மூடியிருக்கிறவரை கையில் கட்டிக்கொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டுவது, ஊதுவது, குழந்தை கையில் திறந்து கொடுப்பது கூடாது. சர்வீஸ் செய்கிறவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருடைய மூச்சு முக்கியம்.

நத்தைச் சுருள்

மேசைவிளக்கு அண்ணன் எழுதிய பிறகு இயந்திரம் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பழைய க்ரோனோகிராஃப் ஏழெட்டு சேர்த்து வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கட்டுவேன். அந்த எண்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் பெயரே அதிலிருந்து வந்தது.

வெளி ஓரத்து நீல எண்கள் தூரம் அளக்க. டெலிமீட்டர் என்பார்கள். ஒளி உடனே வந்துவிடும், சத்தம் பின்னால் நடந்து வரும். ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 செகண்ட். ஒரு சுற்றுக்கு 60 செகண்ட், அதனால்தான் 20 கிலோமீட்டரில் முடிகிறது. மின்னலைப் பார்த்ததும் மேல் பட்டன், இடி கேட்டதும் கீழ்ப் பட்டன். முள் நிற்கிற இடத்து நீல எண் எத்தனையோ, இடி விழுந்த இடம் அத்தனை கிலோமீட்டர். பீரங்கிப் படையினர் எதிரியின் பீரங்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டது இப்படித்தான். வெடி வெளிச்சம் தெரிந்ததும் ஒரு அழுத்து, சத்தம் வந்ததும் ஒரு அழுத்து. எனக்குச் சிங்கப்பூரில் மின்னலுக்குப் பஞ்சமே இல்லை. போன வாரம் பால்கனியில் நின்று அளந்தேன்: முதல் மின்னல் 7 கிலோமீட்டர், பத்து நிமிடம் கழித்து 4, அப்புறம் 2. மழை எங்களை நோக்கி வருவது டயலில் தெரிந்தது. இதைச் செய்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 செகண்டுக்குக் குறைவு என்றால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது. வீட்டுக்குள் இருந்தே அளக்கலாம்.

நடுவில் சுருண்டிருக்கும் சிவப்பு எண்கள் வேகம் அளக்க. டேகிமீட்டர். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை செகண்ட் ஆகிறது என்று பார்த்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று முள்ளே காட்டிவிடும். 3,600-ஐ செகண்டால் வகுக்கிற வேலையை டயல் செய்து வைத்திருக்கிறது. நம் ஊர் நெடுஞ்சாலையில் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கல் இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு கல்லில் மேல் பட்டன், அடுத்த கல்லில் கீழ்ப் பட்டன். 45 செகண்டில் நின்றால் 80 கிலோமீட்டர். பஸ் மெதுவாகப் போய் 72 செகண்ட் ஆனால்? முள் ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றில் 12-ஆவது செகண்டில் நிற்கும். அப்போது சுருளின் இரண்டாவது வளையத்தைப் படிக்க வேண்டும், 50 என்று இருக்கும். எத்தனையாவது வளையம் என்பதை வலது வட்டத்தின் நிமிட முள் சொல்லும். மூன்று சுற்று முடிந்தால் 20. இப்போது வருகிற க்ரோனோகிராஃபுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு வட்டம்தான், 60-க்குக் கீழே வேகம் காட்டாது. மாட்டுவண்டியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் அப்பாவின் சுருளில் இடம் இருக்கிறது.

வால்ஜூ 7733

அண்ணே, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இப்படி ஒரு இயந்திரம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். சகோதரி, என் பதிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பி.டி. மாஸ்டர் மகள்

ஐயா, நேற்று ராத்திரி படித்துவிட்டு அப்போதே எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே. மேல் பட்டன், ஓடியது. கீழ்ப் பட்டன், நின்றது. மறுபடி கீழ்ப் பட்டன், 'டக்'. அந்தச் சத்தம் வந்ததும் பக்கத்து அறையிலிருந்து அம்மா "அப்பா வாட்சா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் ஒன்று ஞாபகம் வந்தது. ஸ்போர்ட்ஸ் டே அன்று அப்பா வாட்சைக் கையிலிருந்து கழற்றிவிடுவார். முடிவுக் கோட்டில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நிற்பார். இடது உள்ளங்கையில் வாட்ச், கட்டைவிரல் ஒரு பக்கம், மறு பக்கத்தில் இரண்டு விரல். ஆள்காட்டி விரல் மேல் பட்டனில், நடுவிரல் கீழ்ப் பட்டனில். நேற்று நான் அதே மாதிரி பிடித்துப் பார்த்தேன். விரல்கள் தானாகவே அந்த இடத்தில் உட்காருகின்றன. சின்ன வயதில் நான் அவர் பக்கத்திலேயே நிற்பேன், ஏன் இரண்டு விரல் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அந்த வாட்ச் அவரிடம் இருந்த காலம் முழுக்க இப்படித்தான் ஓடியிருக்கிறது!

நத்தைச் சுருள் அண்ணா, நீங்கள் ஒளியும் சத்தமும் பற்றி எழுதியதைப் படித்ததும் இன்னொன்று. நூறு மீட்டர் ஓட்டத்தில் மறுமுனையில் விசிலோடு ஒரு வெள்ளைக் கொடியும் வைத்திருக்கச் சொல்வார். விசில் ஊதும்போதே கொடியைக் கீழே இறக்க வேண்டும். அவரோடு நேரம் எடுக்க நிற்கும் மற்ற ஆசிரியர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்வார்: "விசிலைக் கேக்காதீங்க, கொடியைப் பாருங்க." சத்தம் நூறு மீட்டர் வருவதற்குள் கால் செகண்டுக்கு மேல் போய்விடும், பிள்ளைக்கு அநியாயமாக நல்ல நேரம் கிடைத்துவிடும் என்பார். டயலிலேயே அது எழுதியிருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நோட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் 1/5 செகண்ட் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக. 1971-லிருந்து இருக்கிறது. 12.4, 13.2, 12.8, 14.0, 13.6. இரண்டு நோட்டு முழுக்கப் பார்த்துவிட்டேன் ஐயா. புள்ளிக்கு அப்புறம் ஓர் ஒற்றைப்படை எண்கூட இல்லை. மூன்றாவது நோட்டில் 1989-க்கு அப்புறம் 13.47 மாதிரி வருகிறது. அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்துக்கு டிஜிட்டல் ஸ்டாப் வாட்ச் வாங்கினார்கள் என்று அம்மா சொன்னார். அப்படியென்றால் இந்த வாட்ச் பீரோவுக்குப் போனது அந்த வருடமாக இருக்கும்.

டயலை அடிக்க மாட்டேன். எண்களில் நீங்கள் சொன்ன பழுப்புப் பூச்சு இருக்கிறது, அதனால் மூடியைத் திறக்கவில்லை. வாட்சைத் திருச்சிக்குக் கொண்டுவரலாமா? கூரியரில் அனுப்ப மனசில்லை.

மேசைவிளக்கு

நேரில் கொண்டுவாருங்கள் அம்மா. தனிச் செய்தியில் முகவரி அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை என்றால் கூட்டம் இருக்காது. பிரிப்பதற்கு முன்னால் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். பழுதில்லாத லீவரைத் தொட மாட்டேன். சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, மெயின் ஸ்பிரிங் களைத்திருந்தால் மட்டும் மாற்றி, நிமிட முள்ளைக் கழற்றிச் சரியான பூஜ்யத்தில் குத்தித் தருகிறேன். மூன்று வாரம் ஆகும். ஒரு வாரம் என் கையிலேயே ஓட வேண்டும், அதில் இரண்டு நாள் க்ரோனோகிராஃபை ஓடவிட்டுப் பார்ப்பேன். பட்டையும் மாற்றிவிடலாம், பழைய தோலில் வியர்வை உப்பு இறங்கியிருக்கும், அது கேஸை அரிக்கும்.

கட்ட ஆரம்பித்த பிறகு: தினமும் காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு சாவி கொடுங்கள். தடுக்கிற இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். கை கழுவும்போது, மழையில், இந்த வாட்ச் வேண்டாம். இரண்டு பட்டன் ஓட்டை வழியாகவும் தண்ணீர் நேராக உள்ளே போகும். ஸ்பீக்கர் பக்கத்திலும் காந்தம் வைத்த போன் உறை பக்கத்திலும் வைக்காதீர்கள். க்ரோனோகிராஃபை எப்போதும் ஓடவிட வேண்டாம், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சும்மா கிடந்தால் லீவர்கள் மந்தமாகிவிடும்.

இப்போதைக்கு எனக்கு ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பட்டன்களில் தங்க முலாம் எங்கே தேய்ந்திருக்கிறது? ஒரு ஓட்டத்துக்கு மேல் பட்டனில் ஓர் அழுத்து, கீழ்ப் பட்டனில் இரண்டு. அப்பா உண்மையிலேயே இத்தனை வருடம் இதில் நேரம் எடுத்திருந்தால் கீழ்ப் பட்டனில்தான் அதிகம் போயிருக்க வேண்டும். அங்கே தேய்மானம் அதிகம் என்றால் புதுப் பட்டன் தேட ஆரம்பிக்கிறேன், இந்த இயந்திரத்துக்குச் சரியான நீளத்தில் கிடைக்க நாளாகும்.

பி.டி. மாஸ்டர் மகள்

பார்த்தேன் ஐயா. மேல் பட்டனில் ஓரத்தில் மட்டும் போயிருக்கிறது. கீழ்ப் பட்டனில் முலாமே இல்லை, பித்தளை நடுவில் குழிந்து பளபளவென்று இருக்கிறது. நடுவிரல் அதில் போய் உட்காருகிறது. புதுப் பட்டன் தேட வேண்டாம், அதுவே இருக்கட்டும். சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.